குயில்ட்டின் வயது – கடிதம்

அன்புள்ள அக்கா,

நாங்கள் ஒஹையோவில் இருக்கிறோம். பக்கத்து வீட்டுப் பாட்டி முதியோர் இல்லத்துக்குப் போகும்போது, தன் அம்மா 1930களில் தைத்தது என்று ஒரு குயில்ட்டை (துணித் துண்டுகளை இணைத்த மேல்துணிக்கும் அடித்துணிக்கும் நடுவே பஞ்சு வைத்துத் தைத்த போர்வை) எனக்குத் தந்தார். தையல் விட்ட இடத்தில் பாலியெஸ்டர் பஞ்சு தெரிகிறது. "அந்தக் காலத்தில் பாலியெஸ்டர் ஏது?" என்கிறார் என் கணவர். இதன் மதிப்பை எப்படி அறிவது? எனக்குத் தையல் நன்றாக வரும். குயில்ட் கற்றுக்கொடுப்பதையும் மதிப்பிடுவதையும் தொழிலாகக் கொள்ள முடியுமா?

– ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

இருவர் சொல்வதும் சரியாக இருக்கலாம். துண்டுகளை இணைத்து மேல்துணியை மட்டும் முடித்துப் பெட்டியில் வைத்துவிட்ட பெண்கள் ஏராளம். பல வருடம் கழித்து மகளோ பேத்தியோ அதற்குப் பஞ்சும் அடித்துணியும் வைத்துத் தைத்திருப்பார்கள். மதிப்பீட்டாளர்கள் கணக்கில் குயில்ட்டின் வயது, அதில் உள்ள மிகப் புதிய பொருளின் வயதுதான். ஆனால் மேல்துணிக்குத் தனி வயது உண்டு, அதையும் எழுதிவைப்பார்கள்.

நீங்களே கொஞ்சம் பாருங்கள். பூப்போட்ட துண்டுகளில் ஏதாவது ஒன்றின் ஓரமாகப் பெரிய ஊசித்துளைகள் வரிசையாகத் தெரிகின்றனவா? தெரிந்தால் அது மாவுச் சாக்கோ கோழித் தீவனச் சாக்கோ பிரித்த துணியாக இருக்கலாம். 1930களின் பொருளாதார நெருக்கடிக் காலத்தில் பெண்கள் சாக்கைத் துணியாக்குவதைப் பார்த்து, கம்பெனிகளே சாக்கில் பூ அச்சிட்டு விற்றன. புற ஊதா விளக்கில் துணி நீலமாகப் பளிச்சிட்டால் உடனே புதுத்துணி என்று முடிவுகட்ட வேண்டாம். பழைய துணியை இந்தக் காலத்துச் சலவைத் தூளில் துவைத்தாலும் அப்படித்தான் மின்னும். இதையெல்லாம் எடைபோடத்தான் அனுபவம் வேண்டும். அப்புறம், தயவுசெய்து அதை வாஷிங் மெஷினில் போட்டுவிடாதீர்கள்.

சந்தையில் இதற்குப் பெரிய விலை கிடைக்கும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் ஹாரியட் பவர்ஸின் கதையைக் கேளுங்கள். 1837இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் அடிமையாகப் பிறந்தவர். பைபிள் கதைகளைப் பதினொரு கட்டங்களில் துணி உருவங்களாக வெட்டித் தைத்த ஒரு குயில்ட்டை, 1886இல் அதே மாநிலத்தின் ஏதென்ஸ் நகரத்துப் பருத்திக் கண்காட்சியில் வைத்தார். ஜென்னி ஸ்மித் என்ற ஓவிய ஆசிரியை விலைக்குக் கேட்டபோது தர மறுத்துவிட்டார். சில வருடங்களில் வறுமை நெருக்க, அவரே பத்து டாலர் கேட்டார். கிடைத்தது ஐந்து. விற்ற பிறகும் அதைப் பார்க்க அந்த வீட்டுக்குப் போய்வந்தார். ஸ்மித் செய்த பெரிய காரியம், ஒவ்வொரு கட்டத்துக்கும் பவர்ஸ் சொன்ன விளக்கத்தைக் கேட்டு எழுதிவைத்தது. இன்று அந்தக் குயில்ட் வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எழுதிவைக்க ஆளில்லாமல் போயிருந்தால் அந்த உருவங்கள் என்ன சொல்கின்றன என்று நாம் ஊகித்துக்கொண்டிருப்போம்.

ஆகவே இந்த வாரமே பாட்டியைப் போய்ப் பாருங்கள். அம்மாவின் பெயர், ஊர், யாருக்காகத் தைத்தார், பிறகு யார் முடித்தார்கள் என்று கேளுங்கள். பதிலைப் பருத்தித் துண்டில் எழுதி, பின்பக்கம் அடித்துணியில் மட்டும் பிடிக்கும்படி கையால் தைத்துவிடுங்கள். 1981இல் கென்டக்கியில் தொடங்கிய ஆவணத் திட்டம் செய்ததும் இந்த வேலைதான். வீட்டில் இருந்த குயில்ட்டுகளை மக்கள் தூக்கிவந்தார்கள், திட்டத்தார் படமெடுத்துக் கதை கேட்டுப் பதிவு செய்தார்கள். பிறகு மற்ற மாநிலங்களும் பின்பற்றின.

தொழில் என்று பார்த்தால், மதிப்பீட்டை மட்டும் நம்பி வாழ்கிறவர்கள் குறைவு. வகுப்பு, சொற்பொழிவு, பழுது பார்ப்பது, போட்டிக்கு நடுவராகப் போவது எல்லாம் சேர்ந்துதான் வருமானம். காப்பீட்டுக்கு ஒரு மதிப்பு, விற்பனைக்கு வேறு மதிப்பு எழுத வேண்டும். ஐயாயிரம் டாலருக்கு மேல் மதிப்புள்ளதைத் தானம் செய்து வரிச்சலுகை கேட்பவர்களுக்குத் தகுதி பெற்றவரின் மதிப்பீடு வேண்டும். மதிப்பிட வந்த குயில்ட்டை மதிப்பிடுகிறவரே வாங்கப் பார்ப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நல்ல தையல்காரர் என்பதால் கற்றுக்கொடுப்பதில் ஆரம்பியுங்கள். உங்கள் ஊர்ப் பக்கம் குயில்ட் சங்கம் இருந்தால் சேருங்கள், மூத்தவர்கள் கொண்டுவருவதைத் தொட்டுப் பாருங்கள். கென்டக்கியின் படூக்காவில் இருக்கும் தேசிய குயில்ட் அருங்காட்சியகம் உங்களுக்குக் காரில் போகும் தூரம்தான். நெப்ராஸ்காவின் லிங்கனில் உள்ளதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பழைய துணிகளை ஆயிரக்கணக்கில் பார்த்த கண் வந்த பிறகு மதிப்பீட்டுக்கான தேர்வைப் பற்றி யோசிக்கலாம்.

அன்புடன்.