பாட்டு வகுப்பில் ஒரு ஸ, கீபோர்டில் ஒரு ஸ: எது சரி?

கேள்வி: 9 வயது மகள் 5 கட்டை சுருதியில் சரளி வரிசை (ஆரம்ப ஸ்வரப் பயிற்சி) பாடுகிறாள். புதிய கீபோர்டு வகுப்பில் சி-தான் ஸ என்று வெள்ளைக் கட்டைகளை மட்டும் வாசிக்க வைக்கிறார்கள். எதுவும் ஒட்டவில்லை என்று அழுகிறாள். கர்நாடக சங்கீதத்துக்கென்று தனி கீபோர்டு வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள்.

ஸ எந்தக் கட்டைக்கும் சொந்தப் பெயர் இல்லை, பாடுகிறவர் குரலுக்கு எது தோதோ அங்கே வைத்துக்கொள்வது. சி, டி எல்லாம் அந்தந்தக் கட்டைக்கே உரியவை. சி-யிலிருந்து வெள்ளைக் கட்டைகளை எண்ணுங்கள், ஐந்தாவது ஜி. அதுதான் 5 கட்டை, உங்கள் மகளுக்கு ஸ.

அழுகைக்குக் காரணம் இன்னொன்றும் இருக்கிறது. சரளி வரிசை மாயாமாளவகௌளை ராகத்தில் வருவது. சி-யிலிருந்து வெள்ளையாகவே வாசித்தால் வருவது சங்கராபரணம் ராகம், அதாவது மேற்கத்திய இசையின் மேஜர் ஸ்கேல். மாயாமாளவகௌளையில் ரி-யும் த-வும் மட்டும் அரை ஸ்வரம் கீழே. குழந்தைக்குக் காது நன்றாக இருப்பதால்தான் ஒட்டவில்லை என்கிறாள், அதற்காகத் திட்டிவிடாதீர்கள். ஜி, ஜி ஷார்ப், பி, சி, டி, டி ஷார்ப், எஃப் ஷார்ப், மேல் ஜி என்று (ஷார்ப் என்பது அதற்கு வலப்பக்கக் கறுப்புக் கட்டை) மெதுவாக வாசித்துக்கொண்டே பாடச் சொல்லுங்கள், சேர்ந்துவிடும்.

கீபோர்டின் சுருதியை மொத்தமாக ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போஸ் பொத்தானை இப்போதைக்குத் தொட வேண்டாம், நொட்டேஷனில் சி-யைப் பார்த்து வாசிக்கும்போது காதில் ஜி விழுந்தால் இன்னும் குழம்புவாள். ஒரே ஒரு சமயத்தில் அது உதவும்: பள்ளி விழாவில் வேறொரு குழந்தை 5½ கட்டையில் (ஜி ஷார்ப்) பாட, இவள் கூட வாசிக்க நேர்ந்தால், ஒன்று ஏற்றிவிட்டு விரல் பழகிய இடத்திலேயே வாசிக்கலாம். ஆனால் விழா முடிந்ததும் மறக்காமல் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவர வேண்டும், இல்லையென்றால் மறுநாள் வீட்டில் பாடும்போது சுருதி சேராமல் மறுபடியும் அழுகைதான்.

"கர்நாடக கீபோர்டு" என்று விற்பதில் பாதி கமிஷன் வியாபாரம். தம்புரா சுருதி போனிலேயே இலவசமாகக் கிடைக்கிறது. தோடி ராகத்தின் காந்தாரம் (க) அசைந்து வர வேண்டியது, கீபோர்டில் வீணைச் சத்தத்தை வைத்துக் கட்டையை அழுத்தினால் மட்டும் அந்த அசைவு வந்துவிடாது. குழந்தை வேறெங்கே, எந்தச் சுருதியில் கற்றுக்கொள்கிறது என்று ஒரு வார்த்தை கேட்காமல் கீபோர்டு வகுப்புகள் கிரேடு தேர்வுக்குப் பணம் கட்டச் சொல்கிற இந்த வழக்கம் எப்போதுதான் மாறுமோ!

அடுத்த வகுப்பில் ஜி-யில் ஸ வைத்து மாயாமாளவகௌளை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். வாசித்தால் தொடருங்கள். தடுமாறினால் அங்கே மேற்கத்திய இசை மட்டும் படிக்கட்டும், ஸ்வரம் பாட்டு டீச்சரிடமே இருக்கட்டும்.