ஆஸ்திரேலிய ஒப்பந்தம் இருந்தும் 5 சதவீத வரி ஏன்?

மதுரையிலிருந்து மெல்பர்னுக்கு நீங்கள் அனுப்பிய சுங்குடி மேசை விரிப்புகளுக்கு 5 சதவீத வரி விழுந்ததற்குக் காரணம், அநேகமாக, சரக்கு எந்த நாட்டில் உருவானது என்று காட்டும் உங்கள் பிறப்பிடச் சான்றிதழ், வரிச்சலுகை பெற்றுத்தரும் வகையைச் சேர்ந்ததாக இல்லாததே. 2022 டிசம்பர் 29 முதல் நடைமுறையில் உள்ள இந்திய-ஆஸ்திரேலிய வர்த்தக ஒப்பந்தம் வரியைத் தானாக நீக்குவதில்லை. சரக்கு இந்தியாவில் உருவானது என்பதற்கு அந்த ஒப்பந்தத்தின்படியே சான்று பெற்று, அதைக் காட்டி இறக்குமதியாளர்தான் சலுகையைக் கோர வேண்டும். பெரிய ஆலைகளில் இதற்கென்றே ஆள் இருப்பார்கள். வளர்ந்த நாட்டுச் சந்தையின் கதவு திறந்தும் சிறு உற்பத்தியாளர் வாசலில் நின்றுவிடுவது இந்தக் காகிதத்தால்தான் என்பது எனக்கு வருத்தமே.

சான்றிதழின் தலைப்பில் ஒப்பந்தத்தின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அதிலும் விலைப்பட்டியலிலும் சுங்கக் குறியீட்டின் முதல் 6 இலக்கங்களை ஒப்பிடுங்கள். மேசை விரிப்பின் குறியீடு 6302 என்று தொடங்கும். சேலைத் துணி என்று கருதி, பருத்தித் துணிக்கான 5208-இல் பதிந்திருந்தால் அது தவறு.

ஒன்றைக் கவனியுங்கள்: வெளிநாட்டுத் துணிக்கு இங்கே ஓரம் மட்டும் தைத்திருந்தால் சலுகை கிடைக்காமல் போகலாம். தூத்துக்குடியில் ஏற்றிய பெட்டி கொழும்பில் கப்பல் மாறியிருந்தால், அதற்கான ஆவணத்தையும் வைத்திருங்கள். கட்டிய வரியைத் திரும்பக் கோர வழியுண்டா என்று வாங்கியவரைத் தம் சுங்க முகவரிடம் விசாரிக்கச் சொல்லுங்கள்.