டொமைன் காலியாக இருக்கிறது. பெயர் காலியாக இருக்கிறதா?

கேள்வி: காவேரிப்பட்டணம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். என் மாமியார் இருபது வருடத்துக்கு மேலாக மாங்காய் ஊறுகாயும் தொக்கும் போட்டு, போச்சம்பள்ளி சந்தையிலும் கிருஷ்ணகிரி கடைகளிலும் விற்கிறார். அவர் பெயரைச் சொல்லித்தான் கேட்டு வாங்குவார்கள். இப்போது நானும் கணவரும் மாம்பழ ஜாமும் சேர்த்து வெப்சைட்டில் விற்கப் போகிறோம். அதன் டொமைனுக்கு, அதாவது இணைய முகவரிக்கு, மூன்று பெயர் யோசித்தோம். ஒன்று, கிருஷ்ணகிரியோடு மேங்கோ. இரண்டு, டிவியில் விளம்பரம் வரும் ஒரு மாம்பழ ஜூஸ் பிராண்டின் முன்னால் கிருஷ்ணகிரி. மூன்று, மாமியார் பெயர். முதல் இரண்டும் டாட் காமில் காலி. மூன்றாவதை யாரோ வாங்கி வைத்துக்கொண்டு 80,000 ரூபாய் கேட்கிறார். டாட் இன் மட்டும் காலி. வெப்சைட் போடும் தம்பி, "முதல்ல புக் பண்றவங்களுக்குத்தான் சொந்தம், என் அக்கவுன்ட்லயே போட்டுடறேன்" என்கிறார். கொழுந்தனாரும் மாமியார் பெயரிலேயே ஓசூரில் கடை வைத்திருக்கிறார். எந்தப் பெயரை வாங்கலாம்?

பதில்: மாமியார் பெயரை இங்கே எடுத்துவிட்டேன். போட்டால், படிக்கிறவர்களில் ஒருவர் இன்றிரவே டாட் இன்னைப் பதிந்துவிட்டு நாளை உங்களிடம் விலை பேசுவார்.

தம்பி சொன்னது பாதிதான் சரி. பதிவு செய்யும் கம்பெனியின் கணினி பார்ப்பது ஒன்றைத்தான்: இதே எழுத்துகள் இதே வரிசையில் ஏற்கெனவே பதிவாகியிருக்கின்றனவா? அந்தப் பெயரில் யாருக்கு டிரேட்மார்க், அதாவது வணிகச் சின்ன உரிமை, இருக்கிறது, யார் எத்தனை காலமாக வியாபாரம் செய்கிறார் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. அதையெல்லாம் பார்ப்பது கோர்ட். டொமைனுக்கென்று நம் நாட்டில் தனிச் சட்டம் கிடையாது. 1999ஆம் ஆண்டு டிரேட்மார்க் சட்டமும், ஒருவர் சரக்கை இன்னொருவர் சரக்கு என்று நம்பவைத்து விற்பதைத் தடுக்கும் 'பாஸிங் ஆஃப்' வழக்குமே டொமைனுக்கும் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2004இல் தீர்ப்பு சொன்னது. சிஃபி என்ற பெயரில் இயங்கிய சத்யம் இன்ஃபோவே நிறுவனம், அதே பெயரில் ஓர் 'எஃப்' மட்டும் கூட்டி டொமைன் பதிந்த வேறொரு நிறுவனத்தின் மேல் போட்ட வழக்கு அது. எதிர்த்தரப்பு சொன்ன விளக்கம் சுவாரசியமானது: எங்கள் ஐந்து பேரின் பெயர்களிலுள்ள முதல் எழுத்துகளைச் சேர்த்தோம், அப்படி அமைந்துவிட்டது! நீதிமன்றம் நம்பவில்லை. பெயரை முதலில் வைத்துவிட்டுக் காரணத்தைப் பிறகு தேடுகிறவர்கள் இன்னும் என் அலுவலகத்துக்கு வந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

இதை வைத்துப் பார்த்தால் உங்கள் இரண்டாவது பெயரை இப்போதே விட்டுவிடுங்கள். ஊர்ப் பெயரை முன்னால் ஒட்டியதால் அது வேறு பெயராகிவிடாது. 1999இலேயே யாஹூவின் பெயரோடு இந்தியாவைச் சேர்த்து டொமைன் வைத்தவரை டெல்லி உயர் நீதிமன்றம் தடுத்தது. "அந்தக் கம்பெனிக்கும் எங்களுக்கும் தொடர்பில்லை" என்று தளத்தில் எழுதி வைத்திருந்ததும் அவருக்கு உதவவில்லை. நீங்கள் விற்பதும் மாம்பழச் சரக்கு, அவர்கள் விற்பதும் மாம்பழச் சரக்கு. பதிவான டிரேட்மார்க்கை மீறியதாக வழக்குப் போடும்போது அவர்கள் தொழில் நடத்தும் ஊர்க் கோர்ட்டிலேயே போடச் சட்டம் இடம் கொடுக்கிறது. வாய்தாவுக்கு வாய்தா ரயில் ஏற வேண்டியவர் நீங்கள்தான்.

முதல் பெயரில் அந்த ஆபத்து இல்லை. கிருஷ்ணகிரி மாம்பழத்தைக் கிருஷ்ணகிரி மாம்பழம் என்று சொல்ல யாரிடமும் அனுமதி வாங்க வேண்டாம். ஆனால் அதே காரணத்தால் அது உங்களுடையதாகவும் ஆகாது. ஊரையும் சரக்கையும் மட்டும் சொல்லும் பெயரை டிரேட்மார்க்காகப் பதிய டிரேட்மார்க் சட்டத்தின் 9ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். நீண்ட காலம் புழங்கி அது உங்களை மட்டுமே குறிக்கும் அளவுக்கு வந்திருந்தால்தான் விதிவிலக்கு. நாளைக்குப் பர்கூரில் ஒருவர் 'மேங்கோஸ்' என்று ஒரு எழுத்தைச் சேர்த்துத் தளம் தொடங்கினால் உங்களால் எதுவும் செய்ய முடியாது. ஷாதி டாட் காம் நடத்துகிற பெரிய நிறுவனமே, 'செகண்ட் ஷாதி' என்று தளம் வைத்தவரை நிறுத்த மும்பை உயர் நீதிமன்றத்துக்குப் போய், 2016இல் இடைக்காலத் தடை கிடைக்காமல் திரும்பியது. கல்யாணம் என்று பொருள்படும் பொதுச்சொல்லுக்கு யாரும் ஏகபோகம் கொண்டாட முடியாது என்பதே காரணம். ஆகவே அந்தப் பெயரைக் கூடுதலாக வாங்கிப் போட்டு, உங்கள் முக்கியத் தளத்துக்குத் திருப்பிவிடலாம். அதுவே உங்கள் பிராண்டாக வேண்டாம்.

வாங்க வேண்டியது மாமியார் பெயர். அதோடு ஊறுகாய் அல்லது ஃபுட்ஸ் போல ஒரு சொல்லைச் சேர்த்தால் டாட் காமிலும் கிடைக்கலாம். அவர் டிரேட்மார்க் பதிவு செய்யாமலே இத்தனை வருடம் விற்றிருக்கிறாரே, அதுதான் உங்கள் பலம். முன்பிருந்தே தொடர்ந்து பயன்படுத்தி வருகிறவரை, பிறகு வந்து பதிந்தவர் தடுக்க முடியாது என்கிறது அதே சட்டத்தின் 34ஆம் பிரிவு. தொழிலைத் தமக்கு முன் நடத்தியவரின் பெயரை நேர்மையாகப் பயன்படுத்துவதற்கு 35ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் கோர்ட்டில் வாய்வார்த்தை மட்டும் போதாது. பழைய லேபிள், கடைக்காரர்களுக்குப் போட்ட பில், சந்தையில் சுங்கம் கட்டிய சீட்டு, உணவுப் பாதுகாப்புப் பதிவுச் சான்று, ஜாடிகளோடு அவர் உட்கார்ந்திருக்கும் பழைய போட்டோ என்று கிடைப்பதையெல்லாம் ஒரு ஃபைலில் போடுங்கள். டிரேட்மார்க் விண்ணப்பத்தில் 'இன்ன வருடத்திலிருந்து பயன்பாட்டில்' என்று எழுதினால் அதற்குப் பிரமாணப் பத்திரமும் ஆதாரமும் கேட்பார்கள். டிரேட்மார்க் பதிவில் சரக்குகளை வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள்; ஊறுகாய், ஜாம் இரண்டும் 29ஆம் வகுப்பில் வரும். ஜூஸும் விற்பதாக இருந்தால் 32. தனிநபராக ஆன்லைனில் விண்ணப்பித்தால் ஒரு வகுப்புக்கு அரசுக் கட்டணம் 4,500 ரூபாய். அதற்கு முன், டிரேட்மார்க் பதிவகத் தளத்தில் அதே போல ஒலிக்கும் பெயர் வேறு யாருக்காவது இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள், அதற்குக் காசில்லை.

நீங்கள் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போன கொழுந்தனார் விஷயம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அந்தப் பெயரின் மதிப்பு உங்களுடையது அல்ல, உங்கள் கணவருடையதும் அல்ல. மாமியார் சம்பாதித்த சொத்து. அவர் எழுதி வைக்காமல் போய்விட்டால் வாரிசுகள் எல்லோருக்கும், நாத்தனார் இருந்தால் அவருக்கும், பங்கு உண்டு. டொமைன் உங்கள் பெயரில் இருக்கும். ஓசூர் கடை போர்டில் அதே பெயர் இருக்கும். ஜாம் நன்றாக விற்கத் தொடங்கும் நாளில் சண்டை தொடங்கும். நான் பார்த்த வரை, பெரிய கம்பெனியின் நோட்டீஸால் நின்ற சிறு வியாபாரத்தைவிட அண்ணன் தம்பி பெயர்ச் சண்டையால் நின்றதுதான் அதிகம். டிரேட்மார்க்கை மாமியார் பெயரிலேயே விண்ணப்பியுங்கள். வெப்சைட்டில் விற்க உங்களுக்கும், ஓசூர் கடைக்குக் கொழுந்தனாருக்கும் அவரே எழுத்தில் அனுமதி கொடுக்கட்டும். அவருக்குப் பிறகு யாருக்கு என்பதையும் உயிலில் எழுதிவிடட்டும். இதைக் கேட்டால் வீட்டில் முகம் சுளிப்பார்கள்தான். கொழுந்தனாரையும் கூட உட்கார வைத்துக்கொண்டு கேட்டால் சுளிப்பு குறையும்.

தம்பியின் அக்கவுன்ட் விஷயத்துக்கு வருகிறேன். அவர் நல்லவராகவே இருக்கட்டும். டொமைன் யார் பெயரில், யார் இமெயிலில் பதிவாகிறதோ, பதிவுக் கம்பெனியைப் பொறுத்தவரை அவர்தான் உரிமையாளர். பணம் நீங்கள் கொடுத்ததாக நிரூபிக்க முடியும், ஆனால் கோர்ட் வழியாகத்தான். அவர் பெங்களூருக்கு வேலைக்குப் போய் நம்பரை மாற்றிவிட்டால், புதுப்பிக்கச் சொல்லி வரும் இமெயில் உங்களுக்கு வராது. காலாவதியான டாட் காமைச் சாதாரணக் கட்டணத்தில் மீட்கச் சில வாரங்கள் கிடைக்கலாம். அது பதிவுக் கம்பெனியைப் பொறுத்தது. அதன்பின் 30 நாள் அதிகக் கட்டணத்தில் மீட்கலாம். அதன் பிறகு 5 நாளில் பொதுவில் போய்விடும். உங்கள் டாட் காமை வைத்துக்கொண்டு 80,000 கேட்பவர் மாதிரி ஆட்கள் அதற்காகவே காத்திருக்கிறார்கள். அதனால் அக்கவுன்ட், இமெயில், ஓடிபி வரும் செல் நம்பர், ரசீது எல்லாம் உங்களுடையதாக இருக்கட்டும். தம்பிக்குத் தளத்தை நடத்தும் அனுமதியை மட்டும் கொடுங்கள்.

ஒரு சின்ன விஷயம். மாமியார் பெயரை ஆங்கிலத்தில் ஒரு 'ஏ' போட்டும் எழுதுவார்கள், இரண்டு போட்டும் எழுதுவார்கள். இரண்டையும் வாங்கிவிடுங்கள். தமிழிலேயே 'டாட் இந்தியா' டொமைனும் உண்டு. வைத்துக்கொள்ளலாம், ஆனால் போனில் அதைத் தட்டி வருகிற வாடிக்கையாளர் குறைவு.

கடைசியாக அந்த 80,000 ரூபாய். டாட் காம் தகராறுகளுக்கு, டொமைன் பெயர்களை உலக அளவில் நிர்வகிக்கும் ஐகான் அமைப்பின் தீர்வு முறை ஒன்று இருக்கிறது. அந்த முறைப்படி விசாரிக்கும் உலக அறிவுசார் சொத்து அமைப்பிடம் போனால் ஒரே நடுவர் விசாரிக்கக் கட்டணம் மட்டும் 1,500 டாலர். அங்கே, கெட்ட எண்ணத்தோடு பதிந்தார், கெட்ட எண்ணத்தோடு பயன்படுத்துகிறார் என்று இரண்டையும் நிரூபிக்க வேண்டும். உங்கள் மாமியார் பெயரோ தமிழ்நாடெங்கும் உள்ள பெயர்; பதிந்தவர் காவேரிப்பட்டணம் ஊறுகாயைக் கேள்விப்பட்டே இருக்க மாட்டார். அந்த வழக்கு நிற்காது. அவருக்குப் பதிலும் எழுத வேண்டாம். ஆர்வம் காட்டினால் விலை ஏறும். டாட் இன்னை இன்றே உங்கள் பெயரில் பதிந்துவிட்டு, மாமியாரின் பழைய பில்களைத் தேட ஆரம்பியுங்கள்.