நம்ம ஊர்ச் சாமானா, மலிவுச் சரக்கா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: தங்கச்சி கல்யாணச் சீருக்குப் பத்தமடைப் பாய் எடுக்கச் சொல்கிறார்கள். அந்த விலைக்கு ஏழெட்டு பிளாஸ்டிக் பாய் வாங்கிவிடலாம் போலிருக்கிறதே? ஏமாறாமல் எப்படி வாங்குவது?
– வாசகி, மேலப்பாளையம்

பதில்: விலை முழுக்கக் கைவேலைக்குத்தான். ஆற்றங்கரைக் கோரையைப் பச்சையாக அறுத்து, கிழித்துக் காயவைத்து, ஓடும் தண்ணீரில் சில நாள் ஊறப்போடுவார்கள். தண்டு நன்றாக உப்பிய பிறகு எடுத்து, மறுபடி காயவைத்து, இன்னும் மெல்லிசாகக் கிழிப்பார்கள். பருத்தி நூலோ பட்டு நூலோ பாவாக (நீளவாக்கில்) ஓட, இந்த இழைகளை ஒவ்வொன்றாகக் கோத்து அடிக்க வேண்டும். இழை மெலிய மெலிய ஒரு முழம் நெய்ய ஆகும் நேரம் ஏறிக்கொண்டே போகும். நயம் பாயில் 100-லிருந்து 140 கவுண்ட் (நெசவின் நயத்தைச் சொல்லும் எண்) வரை உண்டு. ‘பட்டுப் பாய்’ என்று மொட்டையாகக் கேட்காமல் ‘என்ன கவுண்ட், பாவு பருத்தியா பட்டா’ என்று கேளுங்கள். நெய்தவருக்கு உடனே பதில் தெரியும்.

கடையில் பாயைத் திருப்பிப் போட்டு, ஓர் அங்குலத்துக்கு எத்தனை இழை என்று நாலு இடத்தில் எண்ணுங்கள். நடுவில் நெருக்கமும் ஓரத்தில் தளர்வுமாக இருந்தால் அவசர வேலை. வெள்ளைத் துணியை நனைத்துச் சாயப் பட்டை மேல் தேய்த்தால் நிறம் ஒட்டக்கூடாது. கோரைதானா என்று சந்தேகமிருந்தால், ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கிக் கொளுத்திப் பாருங்கள். கோரை காகிதம் போல எரிந்து சாம்பலாகும். பிளாஸ்டிக் உருகிச் சுருண்டு கட்டியாகும்.

பாய் கெடுவது பெரும்பாலும் இரண்டு காரணத்தால். மடித்து வைத்தால் மடிப்பில் இழை முறியும். அதனால் சுருட்டித்தான் வைக்க வேண்டும். ஈரத்தோடு சுருட்டினால் கரும்புள்ளியாகப் பூஞ்சை விழும். தண்ணீர் கொட்டிவிட்டால் துடைத்து, நிழலில் விரித்து, இரண்டு பக்கமும் காய்ந்த பிறகு எடுத்து வையுங்கள்.

பிளாஸ்டிக் பாய் வியர்வையை உறிஞ்சாது. வெயிலில் கிடந்தால் இழை மொறமொறத்து ஒடியும். ஆனாலும் ஈரம் படும் இடத்துக்கு அதுதான் சரி, அங்கே கோரையைப் போட்டுக் கெடுக்காதீர்கள். இன்னொன்று: பிளாஸ்டிக் பாய் எல்லாமே வெளிநாட்டுச் சரக்கு இல்லை, உள்நாட்டிலும் செய்கிறார்கள்.

கேள்வி: பார்கோடு 890-ல் தொடங்கினால் இந்தியத் தயாரிப்பு என்கிறார்களே, சரியா?
– வாசகர், தென்காசி

பதில்: தவறு. அந்த எண்ணைப் பெற்ற நிறுவனம் இந்தியாவில் பதிந்திருக்கிறது என்பதற்கு மேல் 890-க்குப் பொருள் கிடையாது. சீனாவில் செய்து இங்கே பெட்டியில் போட்டு விற்றாலும் 890 இருக்கலாம். உறையின் பின்பக்கப் பொடி எழுத்தைப் படியுங்கள். இறக்குமதிச் சரக்கென்றால் எந்த நாட்டில் செய்தது, இறக்குமதியாளர் பெயர், முகவரி எல்லாம் அச்சிட்டே ஆக வேண்டும். ‘விற்பனை செய்பவர்’ முகவரி மட்டும் இருந்து, ‘தயாரித்தவர்’ யாரென்றே இல்லாவிட்டால் கடைக்காரரிடம் கேளுங்கள். பதில் வராத சாமானை வாங்க வேண்டாம். புகாருக்கு நுகர்வோர் உதவி எண் 1915.

கேள்வி: பேத்திக்கு அம்பாசமுத்திரம் சொப்புச் சாமான் வாங்கலாம் என்றால், அதில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லை. சந்தையில் கிடைக்கும் பிளாஸ்டிக் செட்டிலும் இல்லை. இரண்டும் ஒன்றுதானா?
– வாசகர், கல்லிடைக்குறிச்சி

பதில்: இரண்டும் ஒன்றில்லை. 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கான பொம்மைக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. கட்டாயம், உள்நாட்டுச் சரக்கோ இறக்குமதியோ. பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்து விற்பவற்றுக்கு விலக்கு உண்டு. ஆகவே முத்திரை இல்லாத ஆலைப் பொம்மையை விற்பதே சட்டவிரோதம். முத்திரைக்குக் கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணை, முத்திரை வழங்கும் அரசு அமைப்பின் ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் போட்டால் யாருக்குக் கொடுத்த உரிமம் என்று தெரியும். வெளிநாட்டு ஆலைகளும் இந்த உரிமம் வாங்கலாம் என்பதால், முத்திரை இருப்பதாலேயே நம் நாட்டுச் சாமான் ஆகிவிடாது.

சொப்பில் பார்க்க வேண்டியது பூச்சு. கடைசலில் மரம் சுழலும்போதே அரக்குக் கட்டியை அழுத்திப் பிடித்தால், உராயும் சூட்டில் உருகி மரத்தில் ஏறும். அது நகத்தால் கீறினால் ஏடாக உரியாது. உரிந்தால் மேலே அடித்த பெயின்ட் என்று எடுத்துக்கொள்ளுங்கள். வாங்கியதும் வெந்நீரில் போட்டுக் கழுவ வேண்டாம், அரக்கு இளகிவிடும். ஈரத்துணியால் துடைத்தால் போதும். பேத்திக்கு 3 வயது ஆகவில்லை என்றால் சின்னக் குடம், மூடி எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிடுங்கள். எந்த ஊர்ச் சாமானாக இருந்தாலும் தொண்டையில் சிக்கும் அளவுள்ளது ஆபத்துதான்.

கேள்வி: மலிவு லைட்டருக்குத் தடை என்றார்கள், பெட்டிக்கடையில் இன்னும் தொங்குகிறதே? தீப்பெட்டியோ மழைக்காலத்தில் நமுத்துப்போகிறது.
– வாசகி, சங்கரன்கோவில்

பதில்: 2023 ஜூனில் வந்த தடை 20 ரூபாய்க்குக் குறைந்த சிகரெட் லைட்டர் இறக்குமதிக்குத்தான், கடையில் விற்பதற்கு அல்ல. அந்த 20 ரூபாய் கடை விலை அல்ல; சரக்கு விலை, காப்பீடு, கப்பல் கூலி மூன்றும் சேர்ந்த மதிப்பு. உதிரியாகக் கொண்டுவந்து இங்கே பூட்டி விற்றதால் 2024-ல் பாகங்களுக்கும் தடை வந்தது. கோவில்பட்டி, சாத்தூர் பக்கம் தீப்பெட்டியை நம்பி வாழும் வீடுகளுக்கு இது சோற்றுப் பிரச்சினை. ஒரு லைட்டர் பல பெட்டிக் குச்சிக்கு ஈடாகி, தீர்ந்ததும் குப்பைக்குப் போகிறது.

நமுப்பதைத் தடுக்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் பண்டலைச் சமையல் மேடையில் வைக்காமல் இறுக மூடும் டப்பாவில் போடுங்கள். ஒரு பெட்டியை மட்டும் வெளியே எடுங்கள், அடுப்பின் ஆவி படாத இடத்தில் இருக்கட்டும். குச்சி பற்றாவிட்டால் முதலில் பெட்டியின் பக்கப் பட்டையைப் பாருங்கள். சிவப்பு பாஸ்பரஸ் அதில்தான் இருக்கிறது, அது ஈரமானால் நல்ல குச்சியும் பற்றாது. காய்ந்த இன்னொரு பெட்டியின் பட்டையில் அதே குச்சியை உரசிப் பாருங்கள். அதிலும் பற்றாவிட்டாலோ மருந்து உதிர்ந்தாலோதான் குச்சி கெட்டது.