விலகிச் செல்வதன் விலை

அன்புள்ள ஐயா,

நண்பர்கள் சிலர் சேர்ந்து டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பாத்திரமேற்று ஆடும் பகடை விளையாட்டின் ஐந்தாம் பதிப்பை ஆடுகிறோம். ஆட்டத்தை நடத்துவது நான். சண்டையின் முதல் சுற்றில் எல்லோரும் ஓடுகிறார்கள். எதிரியை ஒட்டி நின்றதும் அவ்வளவுதான். யாராவது விழும்வரை நட்ட கல்லாக நின்று பகடை உருட்டுகிறார்கள். கேட்டால், விலகினால் எதிரிக்கு ஓர் இலவச வெட்டு கிடைத்துவிடும் என்கிறார்கள். இந்த வாய்ப்புத் தாக்குதல் விதியை எடுத்துவிடலாமா? பழைய போர் விளையாட்டுகளில் இப்படி ஒன்று கிடையாது என்றும் ஒரு நண்பர் சொல்கிறார்.

ச.

அன்புள்ள ச.,

எடுக்க வேண்டாம். எடுத்தால் உங்கள் வீரர்கள் நகர்வார்கள், உண்மைதான். எதிரிகளும் நகர்வார்களே! கேடயம் தாங்கியவரைச் சுற்றிக்கொண்டு அத்தனை பேரும் பின்வரிசை மந்திரவாதியிடம் போய் நிற்பார்கள். முன்வரிசையில் நிற்பதற்கென்றே ஒருவர் உருவாக்கிய பாத்திரத்துக்கு அதன்பின் வேலையே இருக்காது.

இந்த விதி எந்தச் சிக்கலுக்காக வந்தது என்பதைப் பார்க்க வேண்டும். முறைவைத்து ஆடும்போது, ஒருவர் நகரும் நேரத்தில் மற்ற எல்லோரும் உறைந்து நிற்கிறார்கள். ஐந்தாம் பதிப்பில் ஒரு சுற்று 6 வினாடி. எல்லோருடைய முறையும் அதே 6 வினாடிக்குள் நடப்பதாகத்தான் கணக்கு. வேகம் 30 அடி என்றால் ஆறு கட்டங்கள். வாளை உருவி நிற்பவரின் கைக்கெட்டும் தூரத்திலிருந்து ஒருவர் திரும்பி ஆறு கட்டம் ஓடுகிறார், வாள்காரர் சும்மா பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றால் யார் நம்புவார்கள்? உறைந்த காலத்துக்கு ஆட்டம் செலுத்தும் ஈடுதான் அந்த ஒரு வெட்டு. 1824இல் பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் வெளியிட்ட கிரீக்ஸ்பீல் என்ற போர் விளையாட்டில் இந்தத் தொல்லை இல்லை. இரு தரப்பும் கட்டளைகளை நடுவரிடம் கொடுக்கும். சுற்றுக்கு 2 நிமிடம் என்ற கணக்கில் இரு படைகளையும் அவர் சேர்த்தே நகர்த்துவார். முறை மாற்றி முறை என்று வந்தபிறகுதான் ஈடு தேவைப்பட்டது.

உங்கள் நண்பர் சொல்வது சரியல்ல. 1961இல் அவலான் ஹில் நிறுவனம் ஆறுகோணக் கட்டங்களைக் கொண்டுவந்தது. அந்த வழியில் வந்த வரைபடப் போர் விளையாட்டுகளில் கட்டுப்பாட்டு மண்டலம் என்பது அடிப்படை விதி. ஒரு படைப்பிரிவைச் சுற்றியுள்ள ஆறு கட்டங்களும் அதன் பிடியில் இருக்கும். எதிரி அதற்குள் கால் வைத்ததும் நின்றுவிட வேண்டும். சிலவற்றில் கூடுதல் நகர்வுப் புள்ளி கொடுத்து வெளியேறலாம்; சிலவற்றில் சண்டையின் முடிவு விடுவித்தால்தான் உண்டு. சிறு பொம்மைப் படைகளை வைத்து ஆடும் வார்ஹாமர் 40,000இல் விலை வேறு விதம்: நெருங்கி மோதும் அணி பின்வாங்கலாம், ஆனால் பொதுவாக அந்த முறையில் சுடவோ பாய்ந்து தாக்கவோ முடியாது.

இவற்றோடு ஒப்பிட்டால் ஐந்தாம் பதிப்பு மிகவும் தளர்வானது. எதிரியின் கைவீச்சை விட்டு வெளியேறும்போது மட்டுமே வெட்டு விழும். வீச்சுக்குள்ளேயே அவரைச் சுற்றி எத்தனை கட்டம் வேண்டுமானாலும் நகரலாம். இதை மறந்துவிட்டு ஆடுகிறவர்கள் ஏராளம். மேலும், இந்த வெட்டு ஓர் எதிர்வினை, அதாவது பிறர் செயலுக்குப் பதிலாகச் செய்வது; ஒருவருக்கு ஒரு சுற்றில் ஓர் எதிர்வினைதான். 10 அடி அகலத் தாழ்வாரத்தில் ஒரே ஒரு வீரர் காவல் நிற்கிறார், கோப்ளின் என்ற குட்டிப் பூதங்கள் நான்கு அவரைத் தாண்டிப் போகின்றன என்று வையுங்கள். முதல் கோப்ளின் வெட்டு வாங்கும். மற்ற மூன்றும் எந்தச் செலவுமின்றிக் கடந்துவிடும். 2008இல் வந்த நான்காம் பதிப்பில் ஒவ்வோர் எதிரியின் முறையிலும் ஒரு வாய்ப்புத் தாக்குதல் உண்டு, போர்வீரர் வகைப் பாத்திரத்தின் வெட்டு பட்டால் நகர்வே அங்கு நின்றுவிடும். காவல் என்றால் அதுதான் காவல். அந்த வலுவை ஐந்தாம் பதிப்பு கைவிட்டது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

அப்படியிருந்தும் உங்கள் மேசையில் ஏன் யாரும் நகர்வதில்லை? ஒரு காரணம், அந்த வெட்டை எல்லோரும் மிகைப்படுத்திப் பார்க்கிறார்கள். கோப்ளினுக்குத் தாக்கும்போது பகடையோடு சேரும் கூட்டெண் 4. கவச எண் 18 உள்ளவரைத் தொட அது இருபது பக்கப் பகடையில் 14 அல்லது அதற்கு மேல் போட வேண்டும். 35 விழுக்காடு வாய்ப்பு. பட்டால் சேதம் சராசரி ஐந்தரை. ஆக, விலகிச் செல்வதன் உண்மையான விலை ஏறத்தாழ 2 உயிர்ப்புள்ளிகள். ஓகர் என்ற பேருருவ அரக்கன் என்றால் கதை வேறு, அதன் ஒரு வெட்டு சராசரி 13. கோப்ளினுக்கும் ஓகருக்கும் ஒரே அளவு பயப்படுவதுதான் பிழை. கனமான கவசக்காரர் முதலில் விலகி எதிரியின் எதிர்வினையைச் செலவழிக்கட்டும். பின்னால் வருபவர்கள் சும்மா நடந்து போகலாம். எதிரியைத் தள்ளிவிடும் தண்டர்வேவ், அதன் வாய்ப்புத் தாக்குதலைத் தடுக்கும் ஷாக்கிங் கிராஸ்ப் போன்ற மந்திரங்களும் இதற்கு உதவும்.

இன்னொரு காரணம் உங்கள் கையில் இருக்கிறது. நகர்ந்தால் என்ன கிடைக்கும்? வெற்றுத் தரையில் இரண்டு கூட்டங்கள் மோதும்போது, நின்று அடிப்பதே கணக்குப்படி சரி. உங்கள் நண்பர்கள் சரியாகத்தான் ஆடுகிறார்கள். மூன்று சுற்றில் மூடப்போகும் கதவு, மேடையில் சடங்கை முடிக்கப்போகும் பூசாரி, மேலே நின்று அம்பு தொடுப்பவர்கள் என்று எதையாவது வையுங்கள். இதே வகை விளையாட்டான பாத்ஃபைண்டரின் இரண்டாம் பதிப்பு நகரத் தூண்டுவதை விதிக்குள்ளேயே செய்தது. ஒரு முறைக்கு மூன்று செயல்கள். வழக்கமாக இரண்டாம் தாக்குதலுக்குப் பகடையில் 5 குறையும், மூன்றாவதற்கு 10. அந்த மூன்றாம் வெட்டு பெரும்பாலும் வீண் என்பதால் கால் தானாக நகர்கிறது. வாய்ப்புத் தாக்குதலும் அங்கே எல்லோருக்கும் கிடையாது, பெரும்பாலான எதிரிகளிடம் இருக்காது.

அதிலிருந்து ஒரு வீட்டுவிதி எடுத்துக்கொள்ளலாம்: பயிற்சி பெற்ற எதிரிகளுக்கு மட்டும் வாய்ப்புத் தாக்குதல் என்று வைத்து, யார் யார் என்பதைச் சண்டைக்கு முன்பே வர்ணனையில் தெரியும்படி சொல்லிவிடுங்கள். உங்கள் குழுவில் ரோக் எனப்படும் திருடர் வகைப் பாத்திரம் இருந்தால், வெட்டு வாங்காமல் எளிதாக விலகும் அதன் திறனுக்கு மதிப்புக் குறையும். எனவே அதை ஆடுபவரிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.