வளைந்த அலாய் வீலை நிமிர்த்தலாமா?

கேள்வி: என் பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு அதே காலத்து அலாய் வீல் நான்கை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். பேலன்சிங் செய்தும் 90 கி.மீ. வேகத்தில் ஸ்டீயரிங் உதறுகிறது. இரண்டு வளைந்திருக்கிறதாம். நிமிர்த்தலாமா, தூக்கிப் போடவா?

பதில்: அவசரப்படாதீர்கள். பேலன்சிங்கில் வீலில் வைக்கும் சிறு எடைகள் பாரத்தைத்தான் சமன் செய்யும், கோணலை நிமிர்த்தாது, அதனால்தான் உதறல் போகவில்லை. டயரைக் கழற்றி, வீலை மட்டும் ஹப்பில் (காரில் வீல் மாட்டும் சுழலும் மையம்) மாட்டிச் சுற்றவிட்டு, டயர் உட்காரும் இடத்தில் டயல் கேஜ் (சிறு ஆட்டத்தையும் முள்ளால் காட்டும் அளவி) வைத்துப் பாருங்கள். முள் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் ஆடினால் உதறல் அங்கிருந்துதான் வரும். பெரும்பாலும் உள்பக்க விளிம்புதான் அடி வாங்கியிருக்கும், வெளியிலிருந்து பார்த்தால் பளபளவென்று இருக்கும், ஏமாந்துவிடுவோம்.

விளிம்பு மட்டும் லேசாக வளைந்திருந்தால், இதற்கென்றே ஹைட்ராலிக் பிரஸ் வைத்திருப்பவரிடம் கொடுங்கள். சுத்தியலும் கேஸ் டார்ச்சுமாக ஒருவர் வந்தால் வீலைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிடுங்கள். அதிகச் சூடு அலுமினியத்தின் உறுதியையே குலைத்துவிடும். நிமிர்த்திய பிறகு சாயம் தடவி விரிசல் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்போக்கிலோ போல்ட் துளையைச் சுற்றியோ மயிரிழை விரிசல் தெரிந்தால், எவ்வளவு அரிய வீலானாலும் சரி, சுவரில் மாட்டி அழகு பார்க்கத்தான் ஆகும்.