எழுத்தருக்கும் பிரமாணம் உண்டா?

கேள்வி: அமெரிக்காவில் கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்றில் என் மகளுக்குத் துணை எழுத்தர் வேலை கிடைத்திருக்கிறது. பொறுப்பேற்குமுன் பிரமாணம் எடுக்கச் சொன்னார்களாம். தீர்ப்புச் சொல்பவர் நீதிபதி. அதைப் பதிவேட்டில் ஏற்றுபவருக்குப் பிரமாணம் எதற்கு?
– வாசகி ஒருவர், திண்டுக்கல்

பதில்: நம் அரசமைப்பின் மூன்றாம் அட்டவணையில் அமைச்சர்களுக்கும் நீதிபதிகளுக்கும் உறுதிமொழி வாசகம் உண்டு, நீதிமன்ற எழுத்தருக்கு இல்லை, ஆகவே தாங்கள் வியந்தது இயல்பே. அமெரிக்காவிலோ இந்தப் பிரமாணம் கூட்டாட்சி நீதிமன்றங்களோடு கூடவே பிறந்தது. 1789 செப்டம்பர் 24 அன்று நிறைவேறிய நீதித்துறைச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, உச்ச நீதிமன்றமும் மாவட்ட நீதிமன்றங்களும் எழுத்தரை நியமித்துக்கொள்ள அதிகாரம் அளித்த கையோடு, அவர் சொல்ல வேண்டிய வாசகத்தையும் வகுத்துத் தந்தது. நீதிமன்றத்தின் ஆணைகள், தீர்ப்புகள், நடவடிக்கைகள் யாவற்றையும் உண்மையாகப் பதிவு செய்வேன் என்பது அதன் முற்பகுதி. பதவிக்குரிய கடமைகளை என் அறிவுக்கும் திறமைக்கும் எட்டியவரை பாரபட்சமின்றிச் செய்வேன் என்பது பிற்பகுதி. வாய்ச்சொல் மட்டும் போதாதென்று, 2,000 டாலருக்குப் பிணைப்பத்திரமும் அன்று எழுதி வாங்கினார்கள். ஏறக்குறைய அதே வாசகம் இன்றும் கூட்டாட்சிச் சட்டத் தொகுப்பின் 28-ஆம் தலைப்பு, 951-ஆம் பிரிவில் இருக்கிறது. துணை எழுத்தர்களும் அதற்கு உட்பட்டவர்களே.

‘பதிவு செய்வேன்’ என்பதை முதலில் வைத்ததில்தான் தங்கள் கேள்விக்கு விடை இருப்பதாக நான் கருதுகிறேன். அங்கே சாதாரண உரிமையியல் வழக்கில் மேல்முறையீட்டுக்கு 30 நாள் அவகாசம். அது நீதிபதி கையெழுத்திட்ட நாளிலிருந்து அன்று, தீர்ப்பு வழக்குப் பதிவேட்டில் ஏறிய நாளிலிருந்தே எண்ணப்படுகிறது. வெள்ளிக்கிழமை கையெழுத்தான தீர்ப்பைத் திங்கட்கிழமை ஏற்றும் எழுத்தர், கையெழுத்துத் தேதிதானே என்று வெள்ளிக்கிழமையையே பதிவு நாளாகக் குறித்துவிட்டால், தோற்றவருக்குச் சட்டம் தந்த அவகாசத்தில் மூன்று நாள் ஏட்டிலிருந்து காணாமற்போகும். ஒருவருடைய வீடோ நிலமோ அந்த மூன்று நாளில் தொங்கிக்கொண்டிருக்கலாம். எழுத்தரின் பேனாவுக்கு இவ்வளவு கனம் இருக்கும்போது பிரமாணம் வெறும் சடங்காகாது.

கடவுள் பெயரால் ஆணையிட விரும்பாதவர் உளமார உறுதி கூறலாம். நம் அமைச்சர்கள் பதவியேற்பில் இரு விதமும் கேட்டிருப்பீர்கள். ஆணையிடுவதையே மறுத்த குவேக்கர்கள் என்னும் கிறிஸ்தவப் பிரிவினர் போன்றோர் வாழ்ந்த நாடு என்பதால் 1789 சட்டமே இதற்கு இடம் வைத்தது.

இன்னொன்றையும் தங்கள் மகளிடம் சொல்லுங்கள். 953-ஆம் பிரிவின்படி, பிறருக்குப் பிரமாணம் செய்துவைக்கும் அதிகாரம் துணை எழுத்தருக்கும் உண்டு. சாட்சிக் கூண்டில் ஒருவர் வலக்கையை உயர்த்தும்போது, எதிரே நின்று வாசகத்தைச் சொல்பவர் அவராகவும் இருக்கலாம்.